அரையணாப் பாட்டுப் புத்தகம்

தமிழ்நாட்டு வரலாறு என்றால் கல்வெட்டையும் செப்பேட்டையும்தான் கைகாட்டுவார்கள். கல்லில் வெட்டியவன் அது நிற்கும் என்று தெரிந்தே வெட்டினான். எனக்கு ருசி, நாளைக்கே கிழிந்துபோகும் என்று தெரிந்தே அச்சடித்தவற்றில்: நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவுக்கும் அந்த ருசிதான். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். எழுத்தின் அழகு பழகிய கண் என்பதாலோ என்னவோ, பிறர் பொட்டலம் மடித்த தாளையும் அவர் பத்திரப்படுத்தினார். 1992இல் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் தாள்களும் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நல்லவேளை, கப்பலேற்றவில்லை. அவர் பெயரிலேயே அமைந்த ஆராய்ச்சி நூலகம் இன்று சென்னைத் தரமணியில் இருக்கிறது.

பழைய குஜிலிப் பாட்டுகளை, அதாவது மலிவு அச்சில் வந்த தெருப்பாட்டுகளை, எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் கவிழ்ந்தால் ஒரு சிந்து, புயலடித்தால் ஒரு கும்மி, ஊரில் கொலை விழுந்தால் அதற்கும் ஒன்று. தெருமுனையில் பாடியே விற்றார்கள். இலக்கண சுத்தம் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பஞ்சத்தில் அரிசி என்ன விலை விற்றது என்பதை அந்தப் பாட்டுக்காரன்தான் சொல்வான்.

சினிமாப் பாட்டுப் புத்தகம் இன்னும் சுவை. ராகம், தாளம், நடிகர் பெயர், அப்புறம் கதைச்சுருக்கம். கதை முற்றும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று கறாராக நிறுத்திவிடுவார்கள். 1931இல் வந்த ‘காளிதாஸ்’ உட்பட ஆரம்ப காலப் படங்கள் பலவற்றுக்கு இன்று பிரதியே இல்லை. வெள்ளித்திரைக்கு நாம் எங்கே போவது?

நான் முதலில் பார்ப்பது கதையை அல்ல, அச்சை. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்துகள்: ணை, லை, ளை, னை நான்குக்கும் யானைத் துதிக்கை போலத் தலைக்கு மேல் ஒரு வளைவு, ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுருண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஈய அச்சு. அச்சடித்தவர் அவசரமாக அழுத்திய இடத்தில் தாளின் பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த செப்பேட்டைத் தொட விடுவதில்லை. இந்தத் தாளை விரல் நுனியால் தடவிப் பார்க்கலாம்.