இரட்டைமலை சீனிவாசனின் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ காட்டும் பள்ளிவெளி: சேர்க்கையும் சேர்ந்திருத்தலும்

ஆய்வுச்சுருக்கம்

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ பெரும்பாலும் அரசியல் ஆவணமாகவே வாசிக்கப்பட்டுள்ளது. அந்நூலின் பள்ளிப் பருவப் பகுதியை மையமாகக் கொண்டு, பள்ளியில் இடம் பெறுவதும் பள்ளிச் சமூகத்தில் ஒருவராவதும் வெவ்வேறானவை என்பதை அது உணர்த்துமாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, பஞ்சமர் பள்ளி, பொதுப்பள்ளி, சாதி மறைப்பு, செங்கற்பட்டு.

முன்னுரை

தாம்பரம் உள்ளிட்ட சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகள் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தவை. ஒடுக்கப்பட்டோர் கல்வி வரலாற்றில் இந்நிலப்பகுதிக்குத் தனியிடம் உண்டு. ஆல்காட் 1894இல் அடையாற்றை ஒட்டி இலவசப் பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர்ச் சட்டமன்றம் புகுந்த எம்.சி. ராஜா பரங்கிமலையில் பிறந்தவர். தாம்பரத்திற்குத் தெற்கே, மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளம் இரட்டைமலை சீனிவாசனின் பிறந்த ஊர். தமிழில் எழுந்த தொடக்ககாலத் தலித் தன்வரலாறாகக் கருதப்படும் அவருடைய சிறுநூலில் பள்ளி பற்றிய செய்திகள் சில வரிகளே. எனினும் நூல் முழுமைக்கும் திறவுகோலாக அமைவன அவ்வரிகளே.

மணிக்கு முன்னும் பின்னும்

சீனிவாசன் பயின்ற கோயமுத்தூர்க் கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர் இருந்தனர். அவர்களுள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என்கிறார் அவர். உடன் பயில்வோரிடம் நட்புக் கொண்டால் தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடும் என அஞ்சினார். ஆதலின் பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைந்தார். வகுப்பு முடிந்ததும் பிறர் தம்மை எட்டாதவாறு விரைந்து வீடு சேர்ந்தார். பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாமையை எண்ணி மனங்கலங்கினார்.

இப்பகுதியில் அவரை எவரும் அடிக்கவில்லை. எவரும் வெளியேற்றவும் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டின்படி அவர் ஏனையோரைப் போன்ற மாணவரே. ஆனால் பள்ளி என்பது வகுப்பறை மட்டுமன்று. மணி அடிக்கும் முன் நிகழும் பேச்சு, இடைவேளை விளையாட்டு, வீடு திரும்பும் வழித்துணை ஆகியனவும் சேர்ந்ததே பள்ளி. இம்மூன்றையும் இழந்த சிறுவனுக்கு எஞ்சியது பாடம் மட்டுமே. விலக்கும் வேலையைப் பிறர் செய்ய வேண்டிய தேவையே இல்லாதபடி, அச்சம் அவனைக் கொண்டே அதனைச் செய்வித்தது.

அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகளோடு ஒப்பிடுகையில் இவ்வேறுபாடு தெளிவாகும். சாதாராப் பள்ளியில் அவர் தனிச் சாக்கில் அமர்ந்தார். பள்ளிப் பணியாள் இல்லாத நாளில் அவருக்குத் தண்ணீர் இல்லை. அங்குப் பிரிவினை கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு ஒரு சாக்கு சான்றாக இருந்தது. சீனிவாசனின் பள்ளியில் அத்தகைய புறச்சான்று எதுவும் இல்லை. அதனால் எந்த அரசு அறிக்கையிலும் இடம்பெற இயலாத ஒரு துன்பத்திற்கு இத்தன்வரலாறே ஆவணமாகிறது. நூலின் இலக்கிய மதிப்பும் இங்கேதான் உள்ளது.

தனிப்பள்ளியும் பொதுப்பள்ளியும்

சென்னை மாகாண அரசு 1893 பிப்ரவரியில் பிறப்பித்த ஆணை பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் எனப் போற்றப்பட்டது. சேரிகளில் தனிப்பள்ளிகள் பெருக அது வழிகோலியது. அதே ஆண்டில்தான் சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பொதுப்பள்ளியின் கதவு அடைபட்டிருந்த சூழலில் தனிப்பள்ளியே கல்விக்கு வழியாயிற்று. அக்கிரகாரம், சாவடி, கோயில் ஆகிய இடங்களில் இயங்கிய பள்ளிகளை யாவரும் அணுகத்தக்க இடங்களுக்கு மாற்றுமாறு 1919இல் அரசு ஆணையிட வேண்டியிருந்தது. பள்ளி அமைந்த இடமே நுழைவுத் தடையாக இருந்தது என்பதற்கு இவ்வாணை சான்று.

அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குத் தீர்ப்பு, பொதுக்கல்வியில் தனித்திருத்தலே சமமின்மை என அறிவித்தது. அங்குத் தனிப்பள்ளி சட்டத்தின் வழி சுமத்தப்பட்டது. இங்கோ தனிப்பள்ளி புறக்கணிப்பின் விளைவாகவும் புறக்கணிக்கப்பட்டோரின் புகலிடமாகவும் ஒருசேர விளங்கியது. இவ்விரட்டைத் தன்மையைக் கருதாமல் தனிப்பள்ளியைப் பழிப்பதும் போற்றுவதும் முழுமையான மதிப்பீடாகா.

பள்ளிப் பருவ அனுபவம் சீனிவாசனின் பிற்காலச் செயற்பாட்டிற்கும் பொருள் தருகிறது. 1924இல் அவர் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானம், பொதுத்தெருவிலும் பாதையிலும் எவரும் நடக்கலாம் என்றும், கிணறு, குளம், பொதுவிடங்கள் யாவர்க்கும் உரியன என்றும் வலியுறுத்தியது. அதனைத் தெருவுரிமைத் தீர்மானம் என்று மட்டுமே ஆய்வாளர் கொள்வர். வீடு திரும்பும் வழியில் பிறர் எட்டாதவாறு விரைந்த சிறுவனை நினைவிற் கொண்டு வாசித்தால், பள்ளிக்குச் செல்லும் வழியும் பள்ளியின் ஒரு பகுதியே என்ற புரிதல் அத்தீர்மானத்தில் அடங்கியிருப்பதை உணரலாம்.

முடிவுரை

இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ்க் கொணரும் அறிவிப்பு 2023ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் வெளியாயிற்று. அதே ஆண்டு நாங்குநேரியில் பள்ளி மாணவர் தாக்கப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கப் பரிந்துரைத்தது. நாங்குநேரியில் தாக்கியவரும் தாக்குண்டவரும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். தனிப்பெயர் நீங்கினும், ஒரே கூரையின்கீழ் அமர்ந்தாலும், பிரிவினை எஞ்சக்கூடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

பொதுப்பள்ளிச் சேர்க்கை இன்றியமையாத முதற்படி. அது முற்றுப்புள்ளி அன்று. ஒரு மாணவர் தம் ஊரையும் தெருவையும் அச்சமின்றிச் சொல்லி, மணி அடிக்கும் முன்னரே பள்ளிக்குள் நுழைந்து, உடன் பயில்வோரோடு பேசியபடி வீடு திரும்ப இயலுமா என்பதே பள்ளிச் சமத்துவத்தின் அளவுகோல். 1939இல் வெளிவந்த இச்சிறுநூல் அவ்வளவுகோலைத் தன் சில வரிகளில் வகுத்துத் தந்துள்ளது.