உலக சரித்திரமும் டாயின்பியார் கொண்ட ஏதுவும்

உலக சரித்திரம் முழுவதையும் ஒருவரே எழுதப் புகுதல் பெருமுயற்சியாம். ஆங்கில நாட்டு ஆர்னால்டு டாயின்பியார் (1889–1975) அதனை மேற்கொண்டு, தம் ஆராய்ச்சியை 1934 முதல் 1961 வரை பன்னிரண்டு பகுதிகளாக வெளியிட்டார். முதலாறு பகுதிகட்குச் சாமர்வெல் என்பார் செய்த சுருக்கம் 1946-இல் வந்தது. நூலைப் புகழ்வாரிற் பலர் அச்சுருக்கத்தளவில் நின்றார் போலும்.

ஒரு தேசத்தின் சரித்திரம் தனித்து விளங்காது என்பது அவர் கோள். இங்கிலாந்தின் சரித்திரத்தையே எடுத்து, மேலைக் கிறிஸ்தவ உலகத்தோடு வைத்தன்றி அஃது அறியப்படாதென நாட்டுகின்றார். ஆகவே தேசங்களை விடுத்து நாகரிகங்களைப் பொருளாகக் கொண்டு, அவற்றை இருபத்தொன்றென எண்ணினார். இது கொள்ளத்தக்கதே. அரசர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் அடுக்கும் நூல்களினும் இது மிக மேற்பட்டது.

இனி, நாகரிகத் தோற்றத்திற்கு அவர் கூறும் காரணத்தை நோக்குவாம். இயற்கையாலேனும் பகைவராலேனும் இடர் நேர, அதனை மக்கள் எதிர்நின்று வெல்லின் நாகரிகம் தோன்றும் என்பர். புல்வெளிகள் வறண்டு பாலையாகவே, நைல் நதியின் சதுப்பு நிலத்துட் புகுந்து அதனைத் திருத்தினோர் எகிப்திய நாகரிகத்தைக் கண்டனராம். இடர் நேர்ந்தவிடமெல்லாம் நாகரிகம் தோன்றவில்லையே எனின், மிக்க இடரும் பயவாது, குறைந்த இடரும் பயவாது, இடைப்பட்டதே பயக்கும் என விடை தருவர். வட அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் அளவான இடருடையது. அதன் வடக்கிலுள்ள மெயின் அளவு கடந்தது என்பர்.

அவ்வளவை அளக்கும் கோல் யாது? மக்கள் வென்றனராயின் இடர் அளவானது, தோற்றனராயின் மிக்கது. வெற்றிக்குக் காரணம் இடரின் அளவு. அவ்வளவை அறிவிக்கும் ஏது வெற்றி. தருக்க நூலார் இதனை அன்னியோன்னியாச்சிரயம் என்பர். காரியத்தாற் காரணத்தை அனுமித்தல் உண்டன்றோ எனின், உண்டு. புகையால் நெருப்பை அனுமிப்பான் அடுக்களையில் இரண்டனையும் ஒருங்கு கண்டவன். இங்கோ, வெற்றியை நோக்காது அளவான இடரைத் தனித்துக் கண்டார் ஒருவருமிலர். டாயின்பியார் தமக்கிசைந்த நிகழ்ச்சிகளையே தெரிந்தெடுத்தார் என ஒல்லாந்து நாட்டுச் சரித்திர ஆசிரியர் கெயில் மறுத்ததும் ஈண்டு நினைக்கத்தகும்.

நம் நாட்டை அவர் முதலில் இரண்டு நாகரிகமாக வகுத்தார். குப்தரோடு முடிவது ஒன்று; பின்னெழுந்தது மற்றொன்று. முன்னதற்கு மோரியர் ஆட்சியை அனைத்தையும் அடக்கிய பேரரசாக வைத்து, குப்தர் அதனைத் தொடர்ந்தார் என்றார். அசோகரோ தம் பாறைச் சாசனங்களில் சோழ பாண்டியரைத் தம் எல்லைக்குப் புறத்தாராகவே கூறுகின்றார். தமிழகம் அவ்வகுப்பினுள் அடங்குமாறு எங்ஙனம்? 1961-இல் அவ்விரண்டு நாகரிகத்தையும் ஒன்றாக்கினார். தாம் கட்டியதைத் தாமே பிரித்துத் திருத்திய நேர்மை பாராட்டற்பாலது. ஏதுவின் குற்றம் அதனாற் போகவில்லை.

நம்மவர் சிலர் மகிழ்வது வேறொன்று பற்றி. முன்னர்ச் சமயங்களை ஒரு நாகரிகத்தினின்று மற்றொன்று பிறத்தற்கு இடைநின்ற கூடுகளாகக் கூறினவர், 1954-இல் அதனைத் தலைகீழாக்கி, நாகரிகங்களே சமயங்களின் பொருட்டு உள்ளன என்றார். கிறிஸ்தவம், இஸ்லாம், மகாயானம், இந்து சமயம் என்னும் நான்கனையும் உயர்ந்தனவாக வைத்தார். முடிவு நமக்கு உவப்பானதென்று, பரபக்கத்தார் கூறின் நாம் தள்ளும் ஏதுவை இவரிடத்துக் கொள்ளலாமோ? இவரை மேடையில் மேற்கோளாகக் காட்டும் அன்பர்கள், 1934-இல் எழுதிய டாயின்பியாரைக் காட்டுகின்றனரா, 1954-இல் எழுதியவரையா என்பதையேனும் தெரிந்து கூறுவாராக.