மருளும் அச்சமும்

'மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்னும் பழமொழியை 'அரண்டவன்' எனத் தொடங்குவோரும் உளர். இரண்டும் வழக்கில் உள்ளனவே. எனினும் பொருளால் முழுதும் ஒத்தன அல்ல. அரளுதல் மிரண்டு நடுங்குதலையே முதன்மையாகச் சுட்டும். மருளுதல் அறிவு மயங்குதல். இருளில் பேயைப் படைப்பது நடுக்கமன்று, மயக்கமே. ஆதலின் 'மருண்டவன்' என்னும் பாடமே சிறந்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினை வகுத்தார். நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்பன. அணங்கு கற்பனையன்றோ எனின், அக்கால மாந்தர்க்கு அஃது உண்மைப் பொருளே என்க. 428ஆம் குறளோ அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை அறிவுடையார் செயலாகவே கொள்கிறது. பொருளல்லாததைப் பொருளென உணர்வதை மருள் என்கிறது 351ஆம் குறள். அங்குப் பேசப்படுவது பிறவி. ஆயினும் சொல்லின் இயல்பு அதுவே.

தைப்பிங் வட்டாரத் தோட்டங்களில், விடியுமுன் விளக்கொளியில் பால்மரம் வெட்டச் சென்றவர் புலிக்கு அஞ்சினால் அஃது அச்சம். பட்ட மரக்கட்டையைப் பேயெனக் கண்டு, பால் வாளியை எறிந்துவிட்டு ஓடினால் அது மருட்சி. மாணவர் கட்டுரைகளிலோ இவ்விரண்டும் 'பீதி' என்னும் ஒரு வடசொல்லுள் அடங்கிவிடுகின்றன. சொல் மயங்கவே தீர்ப்பும் மயங்குகிறது. இருட்டறைக்குள் நுழைய நடுங்கும் சிறுவனை ஆசிரியர் 'கோழை' என்கிறார். எதிர்நிற்க வேண்டிய பகைக்குப் புறங்காட்டுபவனே கோழை. இச்சிறுவன்முன் அத்தகைய பகை எதுவுமில்லை.