கைச் சுழற்சித் துளைப்பொறிகள்: எது உண்மையான மேம்பாடு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். அங்கே ஒரு மாணவர், கையால் சுற்றும் துளைப்பொறி ஒன்றை மாற்றியமைத்து வைத்திருந்தார். கடையில் வாங்கிய பொறியில் கூடுதலாக இரண்டு பற்சக்கரங்களைச் சேர்த்து, கனமான இரும்புச் சக்கரம் ஒன்றையும் பொருத்தியிருந்தார். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் அலகு பதினாறு சுற்றுச் சுழன்றது. 'ஒரு பங்கு உழைப்பு, நான்கு பங்கு வேலை' என்று பக்கத்து அட்டையில் எழுதியிருந்தது. வேலைப்பாடு சுத்தமாக இருந்தது. நடுவர்கள் மூவரும் ஒருமனதாக முதற்பரிசு கொடுத்தோம்.

மாலையில் கண்காட்சியைப் பார்க்க வந்த கொல்லர் ஒருவர், ஓர் இரும்புப் பட்டையை வைத்து அந்தப் பொறியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம், "சுத்துது சார், ஆனா இறங்கமாட்டேங்குது" என்றார். நானும் சுற்றிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பரிசு கொடுப்பதற்கு முன் நான் அந்தக் கைப்பிடியைத் தொடவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இது ஒரு பாடம். அந்தப் பாடத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கைத் துளைப்பொறிகளில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்யப்பட்ட மாற்றங்களில் எவை உண்மையான மேம்பாடுகள், எவை வெறும் தோற்றம் என்று எடை போட்டுப் பார்ப்போம்.

துளை கேட்கும் விலை

முதலில் துளையின் கணக்கைப் பார்ப்போம். 10 மி.மீ. தடிமனுள்ள மென் எஃகுப் பட்டையில் 6 மி.மீ. விட்டமுள்ள துளை வேண்டும். அகற்ற வேண்டிய உலோகம் ஏறத்தாழ 283 கன மில்லிமீட்டர். மென் எஃகில் ஒரு கன மில்லிமீட்டரைச் சீவி எடுக்க ஏறத்தாழ 3 ஜூல் ஆற்றல் தேவை. ஆகவே இத்துளையின் விலை சுமார் 850 ஜூல். எத்தனை பற்சக்கரங்களைச் சேர்த்தாலும் இந்த விலையில் ஒரு ஜூல்கூடக் குறையாது. ஆற்றல் அழியா விதி எந்தப் பொறிக்கும் சலுகை காட்டுவதில்லை.

சாதாரணக் கைத் துளைப்பொறியில் பெரிய பற்சக்கரம் ஒரு முறை சுற்றினால் அலகு ஏறத்தாழ நான்கு முறை சுழலும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பற்சக்கரம் என்றாலே 'விசையைப் பெருக்குவது' என்று நினைத்துவிடுகிறோம். இப்பொறியில் நடப்பது அதற்கு நேர் எதிரானது. வேகம் நான்கு மடங்காகிறது. திருப்புத்திறன் நான்கில் ஒரு பங்காகிறது. 10 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியை 50 நியூட்டன் விசையுடன் (சுமார் 5 கிலோ எடைக்குச் சமம்) சுற்றினால் கைப்பிடியில் 5 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அலகுக்குச் சேர்வதோ அதிகம் போனால் 1.25 நியூட்டன் மீட்டர்.

அது போதுமா? ஒவ்வொரு சுற்றிலும் அலகு 0.05 மி.மீ. இறங்குவதாகக் கொண்டால், நமது 6 மி.மீ. அலகுக்கு 0.7 நியூட்டன் மீட்டர் அளவில் தேவைப்படுகிறது. ஆகவே போதும். இனி மாணவரின் பொறிக்கு வருவோம். பதினாறு மடங்கு வேகம் என்றால் திருப்புத்திறன் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 0.31 நியூட்டன் மீட்டர். தேவையில் பாதிகூட இல்லை. அலகை வெறும் காற்றில் சுழற்ற இது ஏராளம். இரும்பில் இறக்கப் போதாது. சுற்றுபவர் என்ன செய்வார்? கைப்பிடி நகர வேண்டுமே என்று அழுத்தத்தைக் குறைப்பார். அழுத்தம் குறைந்தால் அலகு சீவாமல் தேய்க்கத் தொடங்கும். சீவல் மெலிய மெலிய, ஒரு கன மில்லிமீட்டருக்கு ஆகும் ஆற்றலும் கூடும். அலகின் முனையும் மழுங்கும். கொல்லர் ஒரே வரியில் சொன்னதன் விரிவுரை இவ்வளவுதான்.

கைப்பிடிப் பக்கம்

தச்சர்கள் கையாளும் பிரேஸ் என்ற வளைகைத் துறப்பணத்தை 15-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவியங்களிலேயே காணலாம். அதற்கு முந்தைய வில் துறப்பணம் முன்னும் பின்னுமாகச் சுழலும். திரும்பும் சுற்றில் உழைப்பின் பெரும்பகுதி வீண். குறுக்குப்பிடி வைத்த தமரூசியிலோ அரைச் சுற்றுக்கு ஒருமுறை கையை எடுத்துப் பிடி மாற்ற வேண்டும். பிரேஸ் தடைபடாமல் ஒரே திசையில் சுழல்கிறது. இது முதல் தரமான மேம்பாடு. விசை கூடியதால் மட்டும் அன்று. வீணாகும் அசைவு ஒழிந்ததால்.

பின்னர் வந்த ராட்செட் அமைப்பைப் பலர் 'விசை கூட்டும் அமைப்பு' என்று கருதுகிறார்கள். அது விசையைச் சற்றும் கூட்டுவதில்லை. சுவரோரத்தில் முழு வட்டம் சுற்ற இடமில்லாதபோது, கால் வட்டம் முன்னே சென்று வெறுமனே பின்னே வர அது வழி செய்கிறது. வேகத்தில் நட்டம், ஆனால் செய்யவே முடியாத வேலை முடிகிறது. பயன் உண்டு, அதன் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

வில்லியம் பார்பர் என்ற அமெரிக்கர் 1864-இல் காப்புரிமை பெற்ற சக் அமைப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெளிக் கூட்டைத் திருகினால் உள்ளிருக்கும் இரு தாடைகளும் நெருங்கி அலகைக் கவ்விக்கொள்ளும். இதில் பெரிய பௌதிகம் எதுவுமில்லை. ஆயினும் அலகு ஆடாமல் நேராக நிற்பதும், நொடியில் மாற்ற முடிவதும் ஒரு நாளின் வேலையில் எவ்வளவு மிச்சம் என்பது தச்சருக்குத்தான் தெரியும்.

இரட்டைப் பல்லும் குண்டுகளும்

கையால் சுற்றும் பற்சக்கரத் துளைப்பொறிகளின் பழைய மாதிரிகளில், பெரிய சக்கரத்தோடு பொருந்தும் சிறு சக்கரம் ஒன்றே இருந்தது. அழுத்திச் சுற்றும்போது பெரிய சக்கரம் ஒரு பக்கமாக விலகும்; பற்கள் நழுவும். பிற்கால மாதிரிகளில் எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது சிறு சக்கரம் சேர்க்கப்பட்டது. பெரும்பாலான பொறிகளில் இது அலகைச் சுழற்றுவதில்லை. பெரிய சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதே இதன் வேலை. உராய்வு சிறிது கூடினாலும் பற்கள் முழு ஆழத்துக்குப் பொருந்தி நிற்கின்றன. நல்ல பேரம் என்றே சொல்வேன். ஆனால் 'இரட்டைச் சக்கரம், இரட்டை ஆற்றல்' என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

இதைவிடப் பெரிய மேம்பாடு கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது. துளையிடும்போது பொறியை 300 நியூட்டன் விசையுடன் அழுத்துவதாகக் கொள்வோம். இந்த அழுத்தம் முழுவதும் சுழலும் தண்டின் தோளில் விழுகிறது. தோளின் சராசரி ஆரம் 7 மி.மீ., உராய்வு எண் 0.15 என்றால், உராய்வு மட்டும் 0.3 நியூட்டன் மீட்டரை விழுங்கிவிடும். சீவுவதற்கே 0.7 தான் தேவை என்று பார்த்தோம். அதாவது சீவும் வேலையில் ஏறத்தாழப் பாதி அளவு, தோளில் வெப்பமாக வீணாகிறது. அந்த இடத்தில் குண்டுத் தாங்கியை, அதாவது பால் பேரிங்கை வைத்தால் இந்த இழப்பு மிகச் சொற்பமாகிவிடும். கைப்பிடியில் 40 நியூட்டன் தேவைப்பட்ட இடத்தில் 28 போதும். கண்காட்சி மேசையில் இது தெரியாது. மாலையில் வலிக்கும் தோள்பட்டைக்குத் தெரியும்.

கனத்த சக்கரம் தருவது என்ன?

கொல்லுப்பட்டறைகளில் தூணிலோ சுவரிலோ பொருத்தப்படும் பெரிய கைத் துளைப்பொறியைச் சிலர் பார்த்திருக்கலாம். அதன் தலையில் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் சுழலும். 'அது தானே வேலையைச் செய்துகொள்ளும்' என்பது பொதுவான நம்பிக்கை. கணக்குப் போடுவோம். விளிம்பில் 5 கிலோ நிறை, ஆரம் 15 செ.மீ., நிமிடத்துக்கு 120 சுற்று. இதில் சேமிக்கப்பட்ட ஆற்றல் சுமார் 9 ஜூல். 10 மி.மீ. பட்டையில் 12 மி.மீ. துளையிட ஏறத்தாழ 3,400 ஜூல் வேண்டும், சுற்றுக்கு 0.1 மி.மீ. இறக்கினால் ஒரே ஒரு சுற்றுக்கு 34 ஜூல். கையை எடுத்துவிட்டால் சக்கரம் கால் சுற்றுக்கு மேல் தாங்காது.

அப்படியானால் அது வீணா? இல்லை. கை வட்டமாகச் சுற்றும்போது விசை ஒரே சீராக இருப்பதில்லை. கீழ்நோக்கித் தள்ளும்போது வலுவாகவும், வட்டத்தின் சில இடங்களில் மிகக் குறைவாகவும் இருக்கும். வலுவான இடத்தில் மிஞ்சியதை வாங்கி வைத்து, வலுவற்ற இடத்தில் திருப்பிக் கொடுப்பதே இச்சக்கரத்தின் தொழில். அதற்கு 9 ஜூல் போதுமானது. மளிகைக் கடையில் சில்லறை மாற்றித் தருவது போன்றது இது. கடன் கொடுக்கும் வங்கி அன்று. மாணவர் செய்தது போல் சக்கரத்தைக் கனமாக்கிக்கொண்டே போனால், தொடங்கும்போது கை நோகும் என்பதைத் தவிர வேறு பலனில்லை.

இதே பட்டறைப் பொறியில் உள்ள தானியங்கு இறக்க அமைப்பு மிகுந்த நுட்பமுடையது. சுழல் தண்டிலுள்ள கேம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நெம்புகோலைத் தூக்குகிறது. நெம்புகோலின் கொக்கி, இறக்கும் மரையின் தலையிலுள்ள பற்சக்கரத்தை ஓரிரு பல் தள்ளுகிறது. மரையின் புரியிடை 4 மி.மீ., சக்கரத்தில் 40 பற்கள் என்றால், ஒரு பல்லுக்கு 0.1 மி.மீ. இறக்கம். ஒரு கை விடுதலை பெறுகிறது. அழுத்துவதற்கு உடலின் எடை தேவையில்லை. ஆனால் ஒரு குறையும் உண்டு. இரும்பு எங்கே கடினம், எங்கே இளக்கம் என்று கொக்கிக்குத் தெரியாது. துளை மறுபுறம் வெளிப்படும் தருணத்தில் அலகு பட்டையைக் கவ்விக்கொள்ளும். அந்த நொடியில் கொக்கியைத் தூக்கிவிட்டுக் கையால் மெல்ல இறக்குபவரே தேர்ந்த தொழிலாளி. பொறி அவருடைய உழைப்பை எடுத்துக்கொண்டது. அவருடைய அறிவை எடுத்துக்கொள்ளவில்லை.

மறக்கப்பட்ட முனை

இதுவரை கைப்பிடிப் பக்கமே பேசினோம். என் மதிப்பீட்டில் மிகப் பெரிய மேம்பாடுகள் நடந்தது மறுமுனையில். மரத்துக்கான திருகு அலகுக்கு ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் 1855-இல் காப்புரிமை பெற்றார். அத்தகைய அலகின் நுனியிலுள்ள சிறு திருகு, மரத்துக்குள் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு இறங்கும். உலோகத்துக்கு, ஸ்டீபன் மோர்ஸ் 1863-இல் காப்புரிமை பெற்ற முறுக்கு அலகு. பழைய தட்டை அலகு இரும்பைச் சுரண்டியது. முறுக்கு அலகு சீவுகிறது, சீவலைத் தன் வரிகள் வழியே மேலேயும் அனுப்புகிறது. ஆயினும் முறுக்கு அலகின் நட்டநடுவில் உளி போன்ற ஒரு சிறு விளிம்பு உண்டு. அங்கே வேகம் பூஜ்யத்தை நெருங்குவதால் அது சீவாமல் இரும்பைப் பிதுக்குகிறது. அழுத்தும் விசையில் ஏறத்தாழப் பாதியை அதுவே தின்றுவிடுகிறது. முதலில் மெல்லிய துளை ஒன்றைப் போட்டுவிட்டுப் பிறகு பெரிய அலகைச் செலுத்தினால் இந்தச் செலவு மிச்சம். எந்தப் பற்சக்கரமும் தராத லாபம் இது!

இரு வேகப் பொறிகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். தசைகளின் இயக்கத்தை ஆராய்ந்து 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ஏ.வி. ஹில், தசையின் விசைக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை 1938-இல் வெளியிட்டார். தன் உச்ச வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இயங்கும்போதே தசை அதிகத் திறனைத் தருகிறது. ஆகவே சிறு அலகுக்கு வேகமும் பெரிய அலகுக்கு நிதானமும் கொடுத்து, கையை அதற்கு உகந்த வேகத்திலேயே வைத்திருப்பதுதான் பற்சக்கரத்தின் உண்மையான பணி. மேட்டில் ஏறும்போது சைக்கிளில் கியர் மாற்றுவதும் இதற்காகவே.

1895-இல் ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் கையில் எடுத்துச் செல்லும் மின் துளைப்பொறியை உருவாக்கியது. இன்று சாதாரண மின் துளைப்பொறி 500 வாட் வாங்கும். ஒரு கை தொடர்ந்து தருவதோ சில பத்து வாட். இந்த இடைவெளியைப் பற்சக்கரத்தால் நிரப்ப முடியாது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் கையால் இயங்கும் பொறி எதுவாயினும், அதை மேம்படுத்துவதாகச் சொல்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். வீணாகும் ஆற்றலைக் குறைக்கிறதா? கையின் இயல்பை வேலையின் தேவையோடு பொருத்துகிறதா? வேலை செய்பவரின் கைக்கு விடுதலை தருகிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அது அலங்காரம்.

இதில் ஆசிரியர்களாகிய எங்கள் குற்றமும் உண்டு. எந்திர லாபத்துக்குச் சூத்திரம் எழுதி, 'உராய்வு இல்லை எனக் கொள்க' என்று ஒரு வரி சேர்த்து, கணக்கை முடித்துவிடுகிறோம். ஒரு சுருள்வில் தராசைக் கைப்பிடியில் கட்டி இழுத்து, சுற்றுகளை எண்ணி, ஆன நேரத்தைக் குறித்தால் போதும். எந்தப் பொறியின் பெருமையும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கோப்பையுடன் அந்த மாணவர் அன்றே போய்விட்டார். அவரிடம் இதைச் சொல்ல முடியவில்லை. இது அவர் கண்ணில் பட்டால் ஒரு யோசனை: அந்தக் கூடுதல் பற்சக்கரங்களைத் தூக்கி எறிய வேண்டாம். அவற்றைத் தலைகீழாக இணைத்துப் பாருங்கள். பதினாறு மடங்கு ஏறிய வேகம், கைப்பிடியும் அலகும் ஒரே வேகத்தில் சுழலும் நிலைக்கு வந்துவிடும். 12 மி.மீ. துளைக்கு அதுதான் தேவை. பிறகு அந்தக் கொல்லரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இம்முறை அவரே நடுவராக இருக்கட்டும்.