பசலையும் சொல்லாத் துயரும்

அகப்பாடல்களில் பசலை பன்முறை பயின்று வருவது. தலைவன் பிரிந்தவிடத்தும், வரைவு நீட்டித்தவிடத்தும், இற்செறிப்பு நேர்ந்தவிடத்தும் தலைவியின் மேனி நிறம் மாறுகின்றது, தோள் மெலிகின்றது, வளை கழல்கின்றது. இங்ஙனம் மீண்டும் மீண்டும் வருதலின், இதனைப் புலவர் மரபென்றும் உயர்வு நவிற்சியென்றும் கொண்டு கடந்து செல்வார் உளர். பரிமேலழகர் பசப்பைப் பிரிவாற்றாமையான் வரும் நிறவேறுபாடு என விளக்குவர். அவ்விளக்கம் பொருந்துவதே. ஆயின் அதனோடு அமைந்துவிடின், பாடலின் உள்ளீடு நம் கைக்கு வாராது. பசலை வெறும் அழகுக் குறைவன்று; சொல்ல இடம்பெறாத துயர் உடம்பின்வழி வெளிப்படும் நோய். அந்நோயின் காரணத்தைச் சுற்றத்தார் பிழைபட உணர்தலே இப்பாடல்கள் பலவற்றின் உயிர்நிலை. இவ்விரண்டையும் நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் பசலை பாய்தலைத் தனித்து வைத்திலர். பசியைத் தாங்கி நிற்றல், உணவு குறைதல், உடல் சுருங்குதல், உறக்கம் கொள்ளாமை, கனவில் மயங்குதல் ஆகியவற்றோடு சேர்த்தே எண்ணுகின்றார். இவ்வைப்பு முறை கருதத்தக்கது. மனத்துயர் உடலைச் சென்று தாக்குதற்கு உணவு, உறக்கம் என்னும் இரு வாயில்கள் உள என்று கொள்ள இஃது இடந்தருகின்றது. கற்பனை நயம் ஒன்றே கருத்தாயின், உண்ணாமையையும் உறங்காமையையும் இத்துணை நுணுகி எண்ணவேண்டுவதின்று.

இனி, இத்துயர் வாய்ச்சொல்லாக வெளிப்படாமைக்குக் காரணம் யாது? அதற்கும் இலக்கணமே விடை தருகின்றது. தன் வேட்கையைத் தலைவன் முன்னர்த் தானே எடுத்துரைத்தல் தலைவிக்கு இல்லை என்பது களவியல் விதி. ஆடவனுக்கோ மடலேறுதல் என்னும் வழி திறந்திருக்கின்றது. அவன் பனைமடற் குதிரை ஊர்ந்து தன் நோயை ஊர்மன்றிற்குக் கொணர்ந்து நீதி கேட்கலாம். பெண் மடலேறுதலை மரபு விலக்கிற்று. கடலனைய காமநோய் உற்றும் மடலேறாமையைப் பெண்ணின் பெருமையாகத் தலைவன் கூற்றில் வைத்துப் பேசும் குறளும் உண்டு (1137). பெருமை என்று போற்றப்பட்ட அவ்வடக்கத்திற்கு விலை கொடுத்தது எது எனின், அவள் உடம்பே என்பது தெளிவு. படர்மெலிந்திரங்கல் அதிகாரத்தின் முதலிரு குறள்கள் இந்நெருக்கடியைக் காட்டுகின்றன. மறைக்குந்தோறும் நோய் ஊற்றுநீர் போலப் பெருகுகின்றது, மறைத்தலும் இயலவில்லை, நோய் செய்தவனிடம் உரைத்தற்கும் நாணம் தடையாகின்றது.

பெண்பாற் புலவர் இருவர் பாடல்களை இங்கு நோக்குவோம். குறுந்தொகை 28-ஆம் பாடலில் ஔவையார் படைத்த தலைவி, முட்டுவதா, தாக்குவதா, ஏதேனும் காரணங் காட்டிக் கூவுவதா என்று திகைக்கின்றாள். அவள் நோயறியாது ஊர் உறங்குகின்றது. ஊர்மீது அவளுக்குள்ள சினம் அதன் உறக்கம் பற்றியதே. குறுந்தொகை 27-இல் வெள்ளிவீதியார், கன்றும் உண்ணாது கலத்திலும் வீழாது நிலத்திற் சிந்திய நல்ல ஆவின் பாலைத் தலைவியின் அழகிற்கு உவமை கூறுகின்றார். அங்குப் பசலை அவளழகை உண்ண விரும்பும் ஒன்றாக நிற்கின்றது. பரணரோ குறுந்தொகை 399-இல், ஊரார் நீருண்ணும் கேணியின் பாசியைப் பசலைக்கு உவமையாக்கினார். தலைவன் தொடுந்தோறும் அது விலகுகின்றது, விடுந்தோறும் பரவுகின்றது. நோயின் ஏற்ற இறக்கத்தை உடனிருந்து கண்டார் கூற்றுப்போல இஃது அமைந்துள்ளது.

காரணம் பிழைபட உணரப்படுதல் வெறியாட்டுப் பாடல்களில் முழுவடிவம் பெறுகின்றது. மகளின் மெலிவு கண்ட தாய் அதனை முருகனால் வந்த அணங்கெனக் கருதி வேலனை அழைக்கின்றாள். அன்னையிடம் அன்புக்குக் குறைவில்லை. கட்டுவிச்சியைக் கேட்கின்றாள், வேலனைக் கேட்கின்றாள், மகளை மட்டும் கேட்டிலள். நற்றிணை 34-இல் தோழி, தன்னால் வந்த நோயன்று என்று அறிந்தும் வெறிக்களத்திற்கு வந்த முருகனையே அறியாமையுடையாய் எனக் கடிகின்றாள். குறுந்தொகை 362-இல், இடும் பலியைத் தலைவன் மார்பின் மாலையும் உண்ணுமோ என்று வேலனை வினவுகின்றாள். நகைச்சுவை போலத் தோன்றினும், மருந்து ஓரிடத்தும் நோய் வேறோரிடத்தும் இருத்தலைச் சுட்டும் வினா அது.

இத்துறையில் மிக ஆழமானது வெறிபாடிய காமக்கண்ணியாரின் அகநானூற்றுப் பாடல் (98). வெறியயர்ந்தும் தன்மேனி பழைய நலம் பெறாவிடின் அலர் எழும். முருகன் அருளால் நலம் பெற்றாலோ, அவள் நோய் வேறொன்றால் வந்தது போலும் எனத் தலைவன் கேட்டறிவான். அப்போது உயிர்வாழ்தல் அதனினும் அரிது என்கின்றாள் தலைவி. நோய் தீர்தலே அவளுக்கு அச்சந் தருகின்றது. ஏனெனில் அவளுடைய துயருக்கு எஞ்சியுள்ள ஒரே சான்று அந்நோய்தான். சொல் மறுக்கப்பட்ட ஒருத்திக்கு உடம்பே மொழியாகிவிட்டமையை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

தோழி அறத்தொடு நிற்றலின் சிறப்பு இந்நிலையிற் புலனாகும். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உண்மையை அறிவித்தல் அத்துறை. திருமணத்திற்கு வழிகோலும் உத்தியென்று மட்டும் இதனைக் கொள்ளுதல் போதாது. உடம்பு சுமந்த செய்தியைச் சொல்லுக்கு மீட்கும் செயல் அது. குறுந்தொகை 23-இல் கட்டுவிச்சி பாடிய பாட்டில் தலைவனது குன்றம் இடம்பெற, அதனை மீண்டும் பாடுக எனத் தோழி கேட்கின்றாள். அவ்வொரு வேண்டுகோளிலேயே உண்மை வெளிப்படத் தொடங்குகின்றது.

இக்கால மருத்துவம் இவ்வுறவை வேறு நெறியில் ஆராய்ந்துள்ளது. பல்வேறு தீங்குகட்கும் உடல் பொதுவானதொரு முறையில் எதிர்வினை புரிகின்றது என்பதை ஹான்ஸ் செல்யே 1936-இல் எடுத்துரைத்தார். நெடுநாள் நீடிக்கும் மன அழுத்தம் கார்ட்டிசால் முதலிய சுரப்புகளின் ஒழுங்கைக் குலைத்து உறக்கம், பசி, நோய் எதிர்ப்பாற்றல் ஆகியவற்றைத் தாக்குகின்றது. பெண்களின் மாதவிடாய் ஒழுங்கையும் நிறுத்தவல்லது. பேரிழப்பு, பேரதிர்ச்சி ஆகியவற்றின்பின் இதயத்தின் இடக்கீழறை திடீரெனத் தளர்ந்து உப்பும் நிலையைச் சப்பானிய மருத்துவர் 1990-இல் விளக்கி, அந்நாட்டார் எண்காலி பிடிக்கும் பானையின் பெயரால் தகோட்சுபோ என்றனர். அதற்கு ஆளாவோருட் பெரும்பாலார் மாதவிடாய் நின்ற பெண்கள்.

எனினும், பசலை இன்ன நோயே என்று பெயரிட முனைதல் தகாது. 1554-இல் செருமானிய மருத்துவர் யோகான்னசு லாங்கே கன்னியரின் வெளிறிய நோய் ஒன்றை விவரித்து, அதற்குத் திருமணத்தை மருந்தாகக் கூறினார். பசும்பிணி என வழங்கிய அந்நோய் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகையே எனப் பிற்காலத்தார் கண்டனர். உடற்காரணத்தை மறந்து எல்லாவற்றையும் மனத்தின்மேல் ஏற்றுதலும் வெறியாட்டு அன்னையின் பிழையை ஒத்ததே. அகப்பாடல்கள் மருத்துவ நூல்கள் அல்ல. நோயுற்றவளை வினவாது நோயை வினவும் வழக்கத்தைக் காட்டுவனவாகவே அவற்றைக் கொள்ளவேண்டும்.

திருவள்ளுவர் இக்கருத்தை ஒரு குறளில் (1188) அடக்கினார். தலைவி பசந்தமையைப் பேசுவார் உளர். தலைவன் அவளை நீங்கினமையைப் பேசுவார் ஒருவரும் இலர். குற்றம் துயருற்றவளின் உடம்பின்மேல் ஏற்றப்படுகின்றது; துயர் செய்தவன் பேச்சினின்றே நழுவிவிடுகின்றான். பசலையை அணி நலமாக மட்டும் கற்பிக்கும் நாமும் அவ்வூராரோடு சேர்ந்தே நிற்கின்றோம். தலைவி மெலிந்தாள் என்ற குறிப்போடு நில்லாது, அவள் சொல்ல விழைந்தது யாது, அதனைக் கேளாதார் யாவர் என்று வினவுதல் வேண்டும். பாடலின் பொருள் அவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றது.