உள்ளங்கை காட்டும் பயிற்சிச் சுமை

பெண்களுக்கான ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸின் நான்கு கருவிகளில், ‘அன்ஈவன் பார்ஸ்’ எனப்படும் உயரம் வேறுபட்ட இரட்டைக் கம்பிகளில் மட்டும்தான் ஆட்டத்தின் தொடக்கம் முதல் இறுதிவரை முழு உடலும் இரு உள்ளங்கைகளை நம்பித் தொங்குகிறது என்பதால், அக்கருவியில் ஒரு சிறுமி எவ்வளவு முன்னேறுகிறாள் என்பதை அவளுடைய தோள்வலிமையும் துணிவும் மட்டுமல்லாமல் உள்ளங்கைத் தோலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. சுழற்சியின்போது விரல்களின் அடிப்பகுதியில் காய்த்திருக்கும் தோல் பிய்ந்து, அதன் கீழுள்ள ஈரமான சிவந்த அடுக்கு வெளியே தெரியும் நிலையைப் பயிற்சிக்கூடங்களில் ‘ரிப்’ என்கிறார்கள். முழங்கால் தசைநார் அறுந்தால் செய்தியாகிறது, கணுக்கால் முறிந்தால் செய்தியாகிறது, உள்ளங்கை உரிவது மட்டும் எவருடைய கவனத்துக்கும் வருவதில்லை. ஆனால் கம்பியில் பயிலும் சிறார்களுக்கு மிக அடிக்கடி நேரும் காயம் இதுதான். இதைத் துணிவின் முத்திரையாகக் கொண்டாடும் வழக்கம் இவ்விளையாட்டில் வேரூன்றியிருக்கிறது என்றாலும், பயிற்சியின் அளவு தோலின் தாங்குதிறனை மிஞ்சிவிட்டது என்பதற்கான அளவீடாக இதை வாசிப்பதே சரி. அந்த வாசிப்பு இல்லாத இடத்தில் களிம்பும் கட்டும் மட்டும் பெரிதாக உதவுவதில்லை.

சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தின் அளவுகளின்படி, தாழ்ந்த கம்பி தரையிலிருந்து 170 செ.மீ. உயரத்திலும் உயர்ந்த கம்பி 250 செ.மீ. உயரத்திலும் அமைகின்றன, இரண்டும் 4 செ.மீ. தடிமனுடையவை, கண்ணாடியிழையாலான உள்ளீட்டின் மேல் மரப்பூச்சு கொண்டவை. கைகளில் தலைகீழாக நின்ற நிலையிலிருந்து உடலை நீட்டிக் கம்பியைச் சுற்றி முழு வட்டம் போடும் அசைவுக்கு ‘ஜயன்ட்’ என்று பெயர். உடல் கம்பிக்கு நேர்கீழே வந்து சேரும் கணத்தில் கைகளின் மேல் விழும் இழுவிசை உடல் எடையைப் போல் மூன்று மடங்கைத் தாண்டிவிடும் என்பதால், 30 கிலோ எடையுள்ள ஒரு சிறுமியின் இரு உள்ளங்கைகளும் அக்கணத்தில் 90 கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்குகின்றன. அதுவும் அசையாமல் நின்று தாங்குவதன்று, கம்பியின் மேல் வழுக்கிச் சுழன்றபடியே தாங்குவது.

இந்தச் சுமை எக்காலத்திலும் இதே அளவில் இருந்ததில்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 14 வயது நாடியா கொமனேச்சி ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸின் முதல் முழுமையான 10 புள்ளிகளைப் பெற்றது இதே கருவியில்தான். ஆனால் அன்றைய கம்பிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தன, உயர்ந்த கம்பியில் தொங்கியபடி இடுப்பைத் தாழ்ந்த கம்பியில் மோதி வளைத்து எழும் அசைவுகள் ஆட்டத்தில் பெரும்பங்கு வகித்தன. பின்வந்த ஆண்டுகளில் கம்பிகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூட, இடுப்பின் வேலை குறைந்து, முழு வட்டச் சுழற்சியும் கம்பியைக் கைவிட்டுப் பறந்து மீண்டும் பற்றும் அசைவுகளும் ஆட்டத்தின் மையத்துக்கு வந்தன. 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியாவின் 17 வயது கைலியா நெமூர் 15.700 புள்ளிகளுடன் தங்கம் வென்ற ஆட்டம் முழுக்க முழுக்க அத்தகைய பறத்தல்களின் தொடர். பார்வையாளர் பறத்தலைப் பார்க்கிறார். உள்ளங்கையோ ஒவ்வொரு பறத்தலின் முடிவிலும் வேகமாக வரும் முழு உடலையும் ஒரே கணத்தில் பிடித்து நிறுத்தும் அதிர்ச்சியை ஏற்கிறது. உச்ச நிலை இவ்வாறு மாறியபோது, அதை நோக்கிப் பயிலும் சிறுமியரின் கைகளுக்கு வந்த வேலையும் கூடியது.

தோலுக்கு உள்ளே நடப்பது என்ன என்பது தெரிந்தால்தான் பராமரிப்பின் காரணம் விளங்கும். தோலின் வெளிப்பகுதியான மேற்தோல், தொடர்ந்த அழுத்தத்துக்கும் உராய்வுக்கும் உட்படும்போது தன் மேலடுக்கைத் தடிமனாக்கிக்கொள்கிறது. மண்வெட்டி பிடிப்பவரின் கை காய்த்துப்போவதைப் போன்ற இயல்பான தற்காப்பு இது. ஆனால் கம்பியைப் பற்றும்போது உள்ளங்கைச் சதை விரல்களின் அடியில் மடிந்து மேடாகிறது. அந்த மேட்டின் மேல்பரப்பு கம்பியோடு ஒட்டி நிற்க, அதன் அடியிலுள்ள எலும்பு சுழற்சியோடு வேறு திசையில் நகர, இரண்டுக்கும் இடைப்பட்ட மேற்தோல் உயிரணுக்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. இதுவே கத்தரிப்பு விசை. பிரிந்த இடைவெளியில் நீர் கோத்தால் கொப்புளம். காய்ப்பு தடித்துப் புடைத்திருந்து அதன் விளிம்பு கம்பியில் சிக்கினால் ஒரேயடியாகத் தோல் பிய்கிறது. ஆகவே காய்ப்பு அறவே இல்லாத புதிய மாணவியும், காய்ப்பை மிதமிஞ்சி வளரவிட்ட பழைய மாணவியும் ஒரே காயத்துக்கு வெவ்வேறு வழிகளில் வந்து சேர்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், மெல்லியதும் சமதளமானதுமான காய்ப்பே விரும்பத்தக்கது. குளித்தபின் தோல் ஊறியிருக்கும்போது நுரைக்கல்லால் மேட்டை மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்துவது, அனுபவமுள்ள பயிற்றுநர்கள் முதலில் கற்றுத்தரும் பழக்கமாக இருப்பதன் காரணம் இதுதான்.

வியர்வையை உறிஞ்சுவதற்காகக் கைகளில் பூசப்படும் வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட். இலேசான ஈரம் தோலின் உராய்வைக் கூட்டுவதால் பொடி பயன்தருகிறது. ஆனால் கம்பியில் அது கட்டிகட்டியாகப் படிந்துவிட்டால் அந்தச் சொரசொரப்பே தோலைப் பிய்க்கும் என்பதால், கம்பியைத் துலக்குவதும் பாதுகாப்பின் பகுதியே. ‘கிரிப்’ எனப்படும் தோல்பட்டை மணிக்கட்டில் கட்டப்பட்டு, உள்ளங்கையை மூடி, இரட்டைக் கம்பிக்கானதாயின் இரு விரல்கள் நுழையும் துளைகளோடு முடிகிறது. விரல்களுக்கு அருகே அதன் குறுக்கே பொருத்தப்பட்ட சிறு உருளை, பட்டையை மடித்துக் கம்பியோடு பிணைத்து, விரல்களின் பிடிக்குத் துணை நிற்கிறது. அது உராய்வைக் குறைக்கிறதே தவிர ஒழிப்பதில்லை. மேலும், நீண்டு தொய்ந்துபோன பட்டை கம்பியைச் சுற்றித் தன்மேலேயே மடிந்து இறுகிக்கொண்டால், கை நின்றுவிட உடல் மட்டும் தொடர்ந்து சுழன்று முன்கை எலும்பு முறியும் ஆபத்து உண்டு. வளரும் பிள்ளையின் கை அளவு மாறிக்கொண்டே இருப்பதால், பழைய பட்டையைச் சிக்கனம் கருதித் தொடர்வது இவ்விளையாட்டில் மிக விலையுயர்ந்த சிக்கனம்.

ஆட்டத்தின் தரத்தின் மேல் இக்காயம் செலுத்தும் பாதிப்பைப் புள்ளிகளின் வழியாகவே பார்க்கலாம். செயல்திறனுக்கான 10 புள்ளிகளிலிருந்து சிறு பிழைக்கு 0.10, நடுத்தரப் பிழைக்கு 0.30, பெரும்பிழைக்கு 0.50, விழுந்தால் 1.00 என்று நடுவர்கள் குறைக்கிறார்கள். உள்ளங்கை எரியும் சிறுமி, தன்னையறியாமலே விரல்நுனிகளுக்குப் பிடியை மாற்றுகிறாள், முழங்கைகளை மடிக்கிறாள், தலைகீழ் நிலைக்கு முழுதாக எட்டுமுன் நிறுத்திக்கொள்கிறாள், கைமாற்றும் அசைவில் அரைக்கணம் தாமதிக்கிறாள். ஒவ்வொன்றும் தனித்தனியே சிறு பிழையாகத் தோன்றினாலும், பாரிஸ் இறுதியில் தங்கத்துக்கும் சீனாவின் சியு சியுவானுடைய வெள்ளிக்கும் இடையிலிருந்த வேறுபாடு 0.200 மட்டுமே என்பதை வைத்துப் பார்த்தால், இரண்டு சிறு பிழைகள் எவ்வளவு பெரியவை என்பது விளங்கும். புள்ளி இழப்பைவிடக் கவலைக்குரியது வேறொன்று: வலிக்குப் பயந்து பழகிய தவறான பிடி, காயம் ஆறிய பின்னும் உடலில் தங்கிவிடுகிறது, பறந்து மீண்டும் பற்றும் அசைவில் தயங்கும் கை, கம்பியைத் தவறவிடுகிறது.

பிய்ந்த தோலை என்ன செய்வது என்பதில் கூடத்துக்குக் கூடம் மரபுகள் வேறுபடுகின்றன. நனைத்த தேயிலைப் பையைக் காயத்தில் வைத்து அழுத்தும் வழக்கமும் அவற்றுள் ஒன்று. வெந்நீரும் சோப்பும் படும் முதல் கணம் பிள்ளைகள் மிகவும் அஞ்சும் கணம் என்பதால் கழுவுவதைத் தள்ளிப்போடுவார்கள். ஆயினும் பொடியும் அழுக்கும் வெளியேறினால்தான் தொற்று தடுக்கப்படும். வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரைப் பயன்படுத்தினால் எரிச்சல் தாங்கக்கூடியதாகிறது. தொங்கும் தோலைக் கையால் இழுத்துப் பிய்ப்பது நலமான தோலையும் சேர்த்துக் கிழிக்கும் என்பதால், தூய்மையான சிறு கத்தரிக்கோலால் பெரியவர் ஒருவர் நறுக்கிவிட வேண்டும். உடையாத கொப்புளத்தின் மேல்தோலையோ அப்படியே விட்டுவைப்பது நல்லது, ஏனெனில் அதைவிடச் சிறந்த கட்டு கிடையாது. காற்றாட விட்டுக் காயவைத்தால் விரைவில் ஆறும் என்ற பரவலான நம்பிக்கைக்கு எதிரான சான்று 1962-லேயே வந்துவிட்டது: ஜார்ஜ் வின்டர் என்னும் ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், மூடி ஈரப்பதத்தோடு வைக்கப்பட்ட காயங்கள், திறந்து உலரவிடப்பட்டவற்றைப் போல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் புதிய மேற்தோலால் மூடப்பட்டன. உள்ளங்கைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். உலர்ந்து விறைத்த புதுத்தோல் கையை விரிக்கும்போதெல்லாம் வெடிக்கிறது, வெடித்த இடத்திலேயே அடுத்த பயிற்சியில் மீண்டும் பிய்கிறது. இரவில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக் கட்டுப் போட்டு, அதன்மேல் பருத்திக் காலுறையைக் கையில் மாட்டி உறங்குவது, பார்ப்பதற்கு விந்தையாக இருந்தாலும், அறிவியலோடு ஒத்துப்போகும் எளிய வழி.

காயம் ஆறும்வரை பயிற்சியே கூடாது என்பதில்லை. கம்பிக்கு ஓய்வு கொடுத்து, சமநிலை உத்திரத்திலும் தரைப்பயிற்சியிலும் வயிற்று, கால் தசைகளிலும் கவனம் செலுத்தலாம். மணிக்கட்டை வாரால் கம்பியோடு பிணைத்து, கையுறையோடு வழுவழுப்பான கம்பியில் சுழலவிடும் ‘ஸ்ட்ராப் பார்’ இருக்கும் கூடங்களில், உள்ளங்கையை அதிகம் உராயாமலே சுழற்சியின் உடல்நிலையைப் பழகலாம். இவ்வளவு மாற்றுவழிகள் இருக்கும்போது, பிய்ந்த கையோடு கம்பியில் ஏறச் சொல்வதற்குப் பயிற்சி சார்ந்த நியாயம் ஏதும் எஞ்சுவதில்லை. எஞ்சுவது பண்பாடு மட்டுமே. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் காயமுற்ற கணுக்காலோடு அமெரிக்க வீராங்கனை கெர்ரி ஸ்ட்ரக் ஓடித் தாவிய காட்சியை உலகம் பல ஆண்டுகள் வீரமாகவே போற்றியது. பிரிட்டனின் ஜிம்னாஸ்டிக்ஸ் துறையைப் பற்றி 2022-ல் வெளியான வைட் அறிக்கை, காயத்தோடு பயிற்சி செய்யவைத்ததையும் உணவு, நீர், கழிப்பறை ஆகியவற்றை மறுத்ததையும் ஒரே வரிசையில் வைத்துக் கண்டித்தபோது, அந்தப் போற்றுதலின் மறுபக்கம் ஆவணமாயிற்று. கை வலிக்கிறது என்று சொல்லும் ஒன்பது வயதுச் சிறுமியை நம்பாத கூடத்தில், முதுகு வலிக்கிறது என்று பதின்மூன்று வயதில் அவள் சொல்லப்போவதில்லை.

எனவே பயிற்றுநர்கள் ஒவ்வொரு மாணவியும் எத்தனை முறை கம்பியில் ஏறினாள், எப்போது எங்கே தோல் பிய்ந்தது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்; ஒரே வாரத்தில் ஒரு குழுவில் பலருக்கும் பிய்ந்திருந்தால் மாற்றப்பட வேண்டியது அந்த வாரத்தின் அட்டவணைதான். பொதுவில் பயன்படும் பொடித் தொட்டியும் இரத்தம் பட்ட கம்பியும் தொற்றைப் பரப்பக்கூடியவை என்பதால், திறந்த காயத்தோடு எவரையும் அவற்றைத் தொடவிடக் கூடாது. பெற்றோர் இரவில் பிள்ளையின் கையை விரித்துப் பார்க்க வேண்டும்: காயத்தைச் சுற்றிச் சிவப்புப் படர்ந்தாலோ, சீழ் கட்டினாலோ, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கிச் செந்நிறக் கோடு ஓடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்தியாவின் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும் டிடி (டெட்டனஸ்-டிப்தீரியா) ஊசி தவறவிடப்பட்டிருந்தால், அதையும் அப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.