மணலில் கிடந்த குறிப்பேடு

1960 செப்டெம்பர் 30இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கிங் நைன் வில் நொட் ரிற்றேர்ன்' என்ற அரைமணிநேர நாடகம் ஒளிபரப்பானது. 'த ருவைலைற் சோன்' தொடருக்காக ரொட் சேர்லிங் எழுதியது. பாலைவனத்தில் சிதைந்து கிடக்கும் குண்டுவீச்சு விமானத்தருகே கப்டன் எம்ப்ரி கண்விழிக்கிறான். சகாக்கள் எவருமில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலைகிறான். பிறகுதான் தெரிகிறது, அவன் அந்தப் பயணத்தில் போகவேயில்லை. சுகவீனத்தால் தப்பியவன். பதினேழு வருடங்களின் பின் விமானம் அகப்பட்ட செய்தியைப் பார்த்து விழுந்து, மருத்துவமனையில் கிடக்கிறான்.

இதற்கு வித்து 'லேடி பீ குட்'. 1943 ஏப்ரல் 4இல் லிபியாவின் சொலூக் தளத்திலிருந்து நேப்பிள்ஸைத் தாக்கப் போன பீ-24 விமானம். இரவில் திரும்புகையில் தளத்தைத் தாண்டி, பாலைவனத்துள் ஏறத்தாழ 700 கிலோமீற்றர் போய்விட்டது. ஒன்பது பேரும் குதித்தார்கள். ஆளில்லாத விமானம் தானே மணலில் இறங்கியது. 1958இல் எண்ணெய் தேடிய பிரித்தானியர்கள் அதனை ஆகாயத்திலிருந்து கண்டார்கள். அடுத்த வருடம் உள்ளே ஏறியவர்களுக்குக் குடிக்கத்தக்க தண்ணீர் கிடைத்தது, வேலைசெய்யும் வானொலி கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை.

1960 பெப்ரவரியில் ஐவரின் எச்சங்கள் ஒரே இடத்தில் அகப்பட்டன. கூடவே துணைவிமானி ரொபேர்ட் ரோனரின் சிறு குறிப்பேடு. என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தில் பிறந்த ஒரே இலக்கியம் அதுதான். நாளுக்கு இரண்டு மூன்று வரிகள். ஒருவரைக் காணவில்லை, ஆளுக்கு ஒரு மூடி தண்ணீர், கண்ணில் மணல், பிரார்த்தனை, குளிர். மூவர் உதவி தேடி முன்னே போகிறார்கள். யாருடைய பிழை என்ற கேள்வி எங்குமே இல்லை. விமானமும் தண்ணீரும் தெற்கே கிடக்க, அவர்கள் வடக்கு நோக்கி நூறு கிலோமீற்றர் நடந்திருந்தார்கள்.

சேர்லிங் கெட்டிக்காரர். ஆனால் அவருடைய நாடகத்தில் இறந்தவர்கள் எம்ப்ரியின் மனநோய்க்கான காரணம் மட்டுமே. கடைசியில் அவனுடைய சப்பாத்திலிருந்து மணலைக் கொட்டவைப்பது வெறும் வித்தை. தப்பியவனின் குற்றவுணர்வை நமது சஞ்சிகைகளும் நிறையவே அச்சிட்டுவிட்டன. அவற்றில் போனவர்களின் பெயர்கள் எத்தனை வந்திருக்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

1970இல் வந்த 'சோல் சர்வைவர்' தொலைக்காட்சிப் படத்தின் குற்றம் பெரிது. அதில் வழிகாட்டி அதிகாரி பயந்து தனியே குதித்துத் தப்புகிறான், பின்னர் ஜெனரலாகிறான். நிஜ விமானத்தின் வழிகாட்டியோ ரோனரோடு கிடந்த ஐவரில் ஒருவர். பெயரை மாற்றிவிட்டால் போதுமா? இது அந்த விமானம்தான் என்று அறிந்து பார்க்கும் குடும்பத்துக்கு என்ன பதில்?

இருந்தும் அந்தப் படத்தில் ஒரு காட்சி நிற்கிறது. விமானத்தருகே ஆவிகளாகக் காத்திருப்பவர்கள் தங்கள் உடல்கள் மீட்கப்பட்டதும் மறைகிறார்கள். ஒருவன் மட்டும் தனியே மிஞ்சுகிறான். அவனுடைய உடல் கிடைக்கவில்லை. 1960 ஓகஸ்ட்டுக்குள் எட்டுப் பேர் மீட்கப்பட்டார்கள். 1994இல் விமானத்தின் எஞ்சிய பாகங்களையும் லிபியர்கள் அள்ளிச் சென்றார்கள். ஒன்பதாமவரான வேர்னன் மூர் உத்தியோகபூர்வமாக இன்னும் கண்டெடுக்கப்படவில்லை.